உருளும் வீட்டில் கடலோரப் பிரயாணம்: வழியில் பழுதானால் என்ன செய்வது?



நம் மடலைப் பெறுகிறவர்களில் அநேகருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் வேலையாயிருக்கிறார்கள். பெற்றோர் விசா பெற்றுப் போய், பேரப்பிள்ளைகளோடு சில மாதங்கள் இருந்து திரும்புகிறார்கள். அப்படிப் போகிறவர்களைப் பிள்ளைகள் ஒரு வாரம் பத்து நாள் "ஆர்.வி." என்ற வீட்டு வண்டியில் கூட்டிப் போவதும் உண்டு. போகுமுன் சிலர் எங்களிடம் கேட்கிறார்கள்: அது என்ன வண்டி? வயதானவர்கள் அதில் படுத்து எழும்ப முடியுமா? மருந்துகளை எங்கே வைப்பது? நடு வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? 2023 செப்டம்பரில் நாங்கள் இருவரும் மகன் குடும்பத்தாரோடு ஒரேகன் மாநிலத்தின் கடற்கரையை வடக்கிலிருந்து தெற்கு வரை ஒன்பது நாளில் அப்படி ஒரு வண்டியில் கடந்தோம். ஆகையால் எங்களுக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறோம். காட்சிகளைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நாங்கள் எழுதுவது பெரும்பாலும் பழுதுகளைப் பற்றியே.

முதலில் வண்டியைப் பற்றி. ஆர்.வி.க்களில் கார் அல்லது பிக்-அப் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வகை ஒன்று. தானே ஓடும் வகை மற்றொன்று. எங்களுடையது இரண்டாம் வகை, 24 அடி நீளம். வேன் சேஸிஸின் மேல் ஒரு சிறிய வீட்டைக் கட்டி வைத்தாற்போல் இருக்கும். ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு கட்டில், பின்னால் ஒரு கட்டில், நடுவே சாப்பாட்டு மேசை, அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை. தரைக்கு அடியில் மூன்று டேங்க்குகள்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. கடைசி இரண்டையும் அதற்கென்று உள்ள இடங்களில் தடித்த குழாய் பூட்டித் திறந்துவிட வேண்டும். அந்த வேலையை மகன்மார் செய்வார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அது போதும்.

மின்சாரம் இரண்டு விதம் என்பதை மட்டும் கவனமாய்ப் புரிந்துகொள்ள வேண்டும். விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி ஆகியவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை நினைத்துக்கொண்டால் சரியாயிருக்கும். ஏ.சி., மைக்ரோவேவ், சுவர் பிளக் ஆகியவை 120 வோல்ட்டில் ஓடும். இது முகாம் மைதானத்துக் கம்பத்திலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ வர வேண்டும். ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுபோகும் மிக்ஸி 230 வோல்ட்டுக்குச் செய்தது. அது அங்கே சுற்றாது. பொடி வகைகளை அரைத்தே கொண்டுபோவது நலம்.

ஒரு வீட்டைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்துத் தினமும் 150 கிலோமீட்டர் குலுக்கினால் என்ன ஆகும்? திருகாணிகள் தளரும், குழாய் இணைப்புகள் கசியும், அலமாரிக் கதவுகள் தாமாய்த் திறக்கும். கட்டியவன் மோசமாய்க் கட்டினான் என்று குறை சொல்வதற்கில்லை. ஓடும் வீட்டின் இயல்பே அது. பல வருஷம் இதில் பழகினவர்கள் வண்டி பழுதாகுமா என்று கேட்பதில்லை. இன்றைக்கு எது பழுது என்றுதான் கேட்கிறார்கள்.

கடலும் உப்பும்

அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாய் வடக்கு தெற்காக ஓடுவது 101ஆம் நெடுஞ்சாலை. ஒரேகனில் மாத்திரம் அது கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள அஸ்டோரியாவில் தொடங்கி, கலிஃபோர்னியா எல்லை வரை ஏறக்குறைய 584 கிலோமீட்டர். பெரும்பகுதி போக ஒரு வழி, வர ஒரு வழி என்ற இருவழிச் சாலைதான். ஒரு பக்கம் பசிபிக் சமுத்திரம், மறு பக்கம் காடடர்ந்த மலை. இந்தச் சாலை வருமுன் மணல்தான் சாலையாயிருந்தது. 1913இல் மாநில அரசு கடற்கரையின் ஈர மணலையே பொது நெடுஞ்சாலை என்று சட்டமாக்கிற்று. 1967இல் வந்த மற்றொரு சட்டம் உலர்ந்த மணலையும் மக்கள் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமையைக் காத்தது. ஆகையால் அந்தக் கரையில் எங்கு இறங்கினாலும், "இது என் மணல்" என்று யாரும் விரட்டுவதில்லை.

நடுவே பெரிய ஆறுகள் கடலில் விழுகின்றன. முன்பு அங்கெல்லாம் வண்டிகளைப் படகில் ஏற்றிக் கடத்தினார்கள். கோண்டி மெக்கல்லோ என்ற பொறியாளரின் மேற்பார்வையில் ஐந்து பெரிய பாலங்கள் 1936இல் முடிந்தபின்தான் வண்டி தடையின்றி ஓடிற்று. அவற்றில் நியூபோர்ட் ஊரிலுள்ள யகீனா விரிகுடாப் பாலம் இன்றும் நிற்கிறது. வால்ட்போர்ட்டில் ஆல்சீ விரிகுடாவின் மேலிருந்த பாலமோ நிற்கவில்லை. உப்புக்காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் புகுந்து, உள்ளேயிருந்த கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்து, அதைப் பயனற்றதாக்கிவிட்டன. 1991இல் அதற்குப் பதிலாகப் புதுப் பாலம் திறக்கப்பட்டது. மிஞ்சிய பழைய பாலங்கள் சிலவற்றின்மேல் துத்தநாகத்தை உருக்கித் தெளித்து, அதில் சிறிதளவு மின்சாரம் செலுத்தி, உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறார்கள்.

பாலத்துக்கே இந்தக் கதி என்றால் வண்டிக்கு எப்படி இருக்கும்! கரையோரம் ஓடும் ஆர்.வி.யில் வரும் மின் கோளாறுகளில் கணிசமானவை எங்கேயோ ஓர் இணைப்பில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்த துருவினால் வருகிறவை. சாதனம் கெட்டிருக்காது, அதற்குப் போகும் கம்பியின் முனைதான் கெட்டிருக்கும். இதை அறியாதவர்கள் நல்ல ஹீட்டரையும் நல்ல பம்ப்பையும் கழற்றி எறிந்து புதியது வாங்குகிறார்கள். சில வண்டிகளில் வெந்நீர்த் தொட்டிக்குள் மக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். அது தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டுப்போகும்படி வைக்கப்பட்டது. அதை அவ்வப்போது திருகிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அடுத்து அரிபடுவது தொட்டிதான்.

நிற்க வேண்டியதும் காத்திருக்கக் கூடியதும்

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வருகிறவர்களை வந்த வரிசையில் பார்ப்பதில்லை. மூச்சுத் திணறுகிறவரை உடனே உள்ளே கொண்டுபோவார்கள். கால் சுளுக்கியவரை பெஞ்சில் உட்காரச் சொல்வார்கள். வண்டிப் பழுதுக்கும் இதுவே முறை என்று கண்டோம். ஓர் அடிகூட நகரக் கூடாத பழுது எது, அடுத்த ஊர் வரை பொறுக்கும் பழுது எது, நம் கையாலேயே முடியும் பழுது எது என்று பிரித்தறிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். பிரச்சினை என்னவென்றால், சத்தம் போடும் பழுதுகள் பெரும்பாலும் அற்பமானவை. ஆபத்தானவை அமைதியாயிருக்கும்.

டயர் அப்படிப்பட்டது. ஆர்.வி. வருஷத்தில் பல மாதம் நின்ற இடத்திலேயே நிற்கிற வண்டி. ஆகவே அதன் டயர் தேய்ந்து கெடுவதைவிட வயதாகிக் கெடுவதே அதிகம். பார்வைக்குப் பள்ளங்கள் புதிதுபோல ஆழமாயிருக்கும், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். வயதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரத்தில் செய்தது. ஐந்து முதல் ஏழு வருஷத்துக்குள் மாற்றிவிடும்படி பலரும் ஆலோசனை சொல்கிறார்கள். பின்பக்கம் நம் ஊர் லாரிபோல இரட்டைச் சக்கரம் இருந்தால், உள்ளேயிருக்கும் டயரையும் காற்றளவி வைத்துப் பாருங்கள். உள் டயரில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது; பாரம் முழுவதையும் வெளி டயர் சுமந்து, சூடேறி, அதுவும் வெடிக்கும். வெடித்த டயர் சும்மா போவதில்லை. தரையடியிலுள்ள குழாயையும் கம்பியையும் கிழித்துக்கொண்டு போகும்.

நம்மவர்களுக்கு ஆச்சரியமான செய்தி ஒன்று: இத்தகைய வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. இருந்தாலும் அந்தச் சக்கரத்தைச் சாலையோரத்தில் வீட்டார் மாற்றுவது புத்தியல்ல. வண்டியின் எடை நான்கைந்து டன். சாய்வான மண் ஓரத்தில் ஜாக்கி நழுவும். உதவி வண்டி வரும்வரை எல்லாரும் கீழே இறங்கி, சாலைக்கு அப்பால், தடுப்புக்குப் பின்னால் நிற்பதே செய்யத்தக்கது. பேரப்பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்துவிட்டுப் பெரியவர்கள் வேடிக்கை பார்க்க நிற்பதைக் கண்டிருக்கிறோம். அது கூடாது.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 101ஆம் சாலை கடல் மட்டத்துக்கு இறங்குவதும் மறுபடி மலைமுனைக்கு ஏறுவதுமாய் இருக்கிறது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே இருந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கீழ் கியருக்கு மாற்றி எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். எரிந்த வாசனை வந்தாலும், மிதி வழக்கத்தைவிட ஆழமாய் இறங்கினாலும், ஒதுக்கிடம் கண்ட உடனே நிறுத்தி ஆறவிடுங்கள். ஆறியபின்னும் மிதி சரியாகாவிட்டால் அந்த வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகமாய் எங்களைக் கவலைப்படுத்துவது வாயு. சமையலுக்கும் ஹீட்டருக்கும் ப்ரொப்பேன் காஸ் பயன்படுகிறது. கசிந்தால் தெரியும்படி அதில் நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். காற்றைவிடக் கனமானதால் அது தரையில் தேங்கும். அதனால்தான் அதன் எச்சரிக்கைக் கருவியைத் தரையை ஒட்டி வைக்கிறார்கள். நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் போடாமலும் அணைக்காமலும் எல்லாரும் வெளியே வந்து, வெளியிலுள்ள சிலிண்டர் வால்வை மூட வேண்டும். இது நம் வீட்டில் பழகியதுதான்.

கார்பன் மோனாக்சைடு பழகியதல்ல. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜெனரேட்டரின் புகையிலிருந்தும், சரியாய் எரியாத ஹீட்டரிலிருந்தும், குளிருக்காகப் பற்றவைத்த சமையல் அடுப்பிலிருந்தும் அது வரலாம். தலைவலி, குமட்டல், சோர்வு என்று தொடங்கும். ஜலதோஷக் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். ஒரே வண்டியில் இருக்கும் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் குறைந்தால், அது காய்ச்சல் அல்ல. உடனே எல்லாரும் வெளியேறி ஆம்புலன்சுக்கு 911 எண்ணை அழையுங்கள். அந்தக் கரையில் செப்டம்பரிலும் இரவு குளிர் 10 டிகிரி அளவுக்கு இறங்கும். கம்பளி ஒன்று கூடுதலாய்க் கொண்டுபோங்கள். அடுப்பை மூட்டிக் குளிர்காய வேண்டாம். எச்சரிக்கைக் கருவிக்கும் ஆயுள் உண்டு. அதன்மேல் அச்சடித்த காலாவதித் தேதியைப் பார்த்து, பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று சோதித்தபின்பே முதல் இரவு படுக்கப் போக வேண்டும். (புகைக்கென்று தனியே ஒரு கருவி உண்டு. அது மிளகாய் தாளித்தாலே அலறும். அதற்காக அதன் பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள்.)

ஃபிரிட்ஜும் இன்சுலினும்

எங்களில் ஒருவருக்கு நாளும் இன்சுலின் ஊசி உண்டு. ஆகையால் இந்த ஃபிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று மகனைக் கேட்டு நன்றாய்த் தெரிந்துகொண்டோம். அநேக ஆர்.வி.க்களில் இருப்பது வீட்டிலுள்ளது போன்ற கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் அல்ல. 1922இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த வகை. கீழே ஒரு சிறு காஸ் சுடர் எரியும். அந்தச் சூடு, தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியாவைப் பிரித்து மேலே அனுப்பும். அது குளிர்ந்து திரவமாகி, பிறகு ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சும். மறுபடி தண்ணீரில் கரைந்து கீழே வரும். நெருப்பினால் குளிர் உண்டாகிறது என்றால் பேரப்பிள்ளைகள் நம்பவில்லை. உண்மை அதுதான்.

அந்தத் திரவம் மோட்டாரின் பலத்தால் ஓடுவதில்லை. தன் எடையால் குழாயில் வழிந்து இறங்குகிறது. ஆகவே வண்டி சாய்வாய் நின்றால் திரவம் ஓரிடத்தில் தேங்கிவிடும், குளிர்ச்சி நிற்கும். நெடுநேரம் அப்படியே எரியவிட்டால் குழாய் நிரந்தரமாய் அடைத்துக்கொள்ளும்; பிறகு அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். ஓடும்போது வண்டி ஆடிக்கொண்டிருப்பதால் பெரிய தொல்லையில்லை. நிறுத்தும் இடம்தான் முக்கியம். கொத்தனார் வைக்கும் ரசமட்டம் போன்ற சிறிய ஒன்றை ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்துப் பார்த்து, சக்கரத்தின் கீழ் மரப்பலகை கொடுத்துச் சமன் செய்கிறார்கள். கடல் தெரியும்படி சரிவில் நிறுத்த வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். புதிய வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வைக்கிறார்கள். அவற்றுக்கு இந்தத் தொந்தரவு இல்லை, ஆனால் பேட்டரியை அதிகம் தின்னும்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். இந்த ஃபிரிட்ஜ்கள் ஒரு மூலையில் அதிகமாயும் மற்றொன்றில் குறைவாயும் குளிரும். பின்பக்கத் தகடுகளை ஒட்டி வைத்தால் உறைந்துபோகக் கூடும். ஒரு தரம் உறைந்த இன்சுலின் உருகினாலும் உபயோகப்படாது. கதவுத் தட்டில், ஒரு சிறிய தெர்மாமீட்டரோடு வைப்பது நல்லது. பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழ் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் 28 நாள் தாங்கும்; உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிர்ந்த கரையில் ஃபிரிட்ஜ் ஓர் இரவு நின்றதற்காக யாரும் கலங்க வேண்டியதில்லை. வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில், துணியில் சுற்றிய ஐஸோடு, ஐஸில் நேரே படாதபடி வைத்தால் போதும். ஐஸ் மூட்டை பெட்ரோல் நிலையங்களிலேயே கிடைக்கும். இரவில் மூச்சுக் கருவி போட்டுத் தூங்குகிறவர்கள் மின் இணைப்பு உள்ள இடத்தை முன்கூட்டியே பதிவு செய்யும்படி பிள்ளைகளிடம் கண்டிப்பாய்ச் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் ஒன்றாய் நின்றால்

மூன்றாம் நாள் நியூபோர்ட்டுக்கு வடக்கே ஒரு மாநிலப் பூங்காவில் தங்கினோம். மின் இணைப்பில்லாத இடம்தான் கிடைத்தது. இரவு பத்து மணிக்கு விளக்குகள் மங்கின. ஹீட்டர் கிளம்பும், விசிறி இரண்டு சுற்றுச் சுற்றும், நின்றுவிடும். சற்று நேரத்தில் ஃபிரிட்ஜும் அணைந்தது. காஸ் இருந்தும் ஏன் அணைய வேண்டும் என்று கேட்டோம். காஸில் எரிந்தாலும் சுடரைக் கட்டுப்படுத்தும் சிறிய மின் பலகைக்கு 12 வோல்ட் வேண்டுமாம். வாடகை நிறுவனத்துக்குப் போன் செய்தபோது காலையில் பார்க்கலாம் என்றார்கள். எல்லாரும் கிடைத்ததைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். இன்சுலின் ஃபிளாஸ்க்குக்குப் போயிற்று.

காலையில் வந்தவர் நடமாடும் மெக்கானிக். தன் வேனிலேயே பட்டறையை வைத்துக்கொண்டு முகாம் முகாமாய்ப் போகிறவர்; எங்கள் வயதுதான் இருக்கும். ஹீட்டரைத் தொடவே இல்லை. "ஒன்று நின்றால் அந்த ஒன்றைப் பார்க்க வேண்டும், மூன்று சேர்ந்து நின்றால் மூன்றுக்கும் பொதுவானதைப் பார்க்க வேண்டும்" என்று மகனிடம் சொல்லிவிட்டு, நேரே பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். மீட்டரை வைத்தார். நிறைந்த பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். சாதாரண ஈய பேட்டரி 12 வோல்ட்டுக்கு வந்தால் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்களுடையது 12.5 காட்டிற்று. பேட்டரி நன்றாயிருக்கிறது, ஆனால் சேஸிஸில் முடுக்கிய எர்த் கம்பியின் முனை துருவேறிப் போயிருந்தது. சிறு விளக்குக்கு அது போதும். ஹீட்டரின் விசிறிபோல் அதிகம் இழுக்கும் ஒன்று கிளம்பினால் தாங்காது. கம்பித் தூரிகையால் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் பூசினார். இருபது நிமிஷம். ஹீட்டர் கிளம்பிற்று. பேரன் கை தட்டினான்.

அதன்பின் நாங்கள் எந்தப் பழுதையும் இந்த வரிசையில்தான் பார்த்தோம்: முதலில் பேட்டரி, பிறகு ஃபியூஸ், பிறகு இணைப்பு, கடைசியில் சாதனம். ஃபியூஸ் என்றால் கார்களில் இருப்பதுபோல் வண்ண வண்ணமான சிறு தகடுகள். எரிந்ததற்குப் பதில் அதே எண்ணுள்ளதையே போட வேண்டும். பெரிய எண் போட்டால் ஃபியூஸ் எரியாது, கம்பி எரியும்.

தண்ணீர்ப் பழுதுகளில் ஓர் அடையாளம் மட்டும் சொல்லுகிறோம். குழாய் எதையும் திறக்காதபோது பம்ப் தானாய் நொடிப்பொழுது ஓடி நின்றால், எங்கோ கசிகிறது. இரவு அமைதியில் கேட்டால் தெரியும். பெரும்பாலும் சிங்க்கின் அடியில் கையால் முடுக்கக் கூடிய பிளாஸ்டிக் நட்டுதான் தளர்ந்திருக்கும். முகாமின் குழாயோடு வண்டியை இணைக்கும்போது நடுவே அழுத்தம் குறைக்கும் சிறு பித்தளைக் கருவியைப் பூட்டுங்கள். சில இடங்களில் தண்ணீர் வரும் வேகத்தில் உள் இணைப்பே பிடுங்கிக்கொள்ளும். கூரைக் கசிவு மெல்ல வரும் பகை. சுவருக்குள்ளே இருப்பது பல வண்டிகளில் மரச்சட்டம். ஒரேகன் மழையில் கூரை ஓரத்துப் பசை வெடித்திருந்தால், உள்ளே ஒரு சொட்டும் தெரியாமலே மரம் உளுத்துப்போகும். சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்றிருக்கிறதா, அலமாரிக்குள் பூஞ்சை வாசனை வருகிறதா என்று வண்டியை வாங்குமுன்பே பாருங்கள். வாடகை வண்டியானாலும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

உதவி எங்கிருந்து வரும்

இந்தக் கரையில் ஊர்கள் சிறியவை. நியூபோர்ட்டிலிருந்து ஃபிளாரன்ஸ் 80 கிலோமீட்டர். அங்கிருந்து கூஸ் பே இன்னும் அவ்வளவு. இடையில் போன் சிக்னல் இல்லாத வளைவுகள் பல. பெரிய பாகம் வேண்டுமானால் மலைக்கு அப்பாலுள்ள போர்ட்லாந்திலிருந்தோ யூஜீனிலிருந்தோ வர வேண்டும். கோடைக் காலத்தில் பட்டறைகளில் முறை கிடைப்பது கடினம். அதனால்தான் நடமாடும் மெக்கானிக்குகளுக்கு அவ்வளவு மதிப்பு. முகாம் அலுவலகத்தில் கேட்டால் அவர்களின் எண் கிடைக்கும். வந்து பார்ப்பதற்கே ஒரு கட்டணம், பிறகு மணிக்கணக்குக்கு ஒன்று. அதிகம்தான். ஆனாலும் வண்டியை இழுத்துப் போகும் செலவை நினைத்தால் குறைவே.

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் பிக்-அப் வண்டியின் மேல் ஒரு சிறு வீட்டைப் பொருத்திக்கொண்டு, சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றி வந்தார். 1962இல் வெளியான அந்தப் பயண நூலில், ஒரேகனில் மழை கொட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர் வெடித்து நின்றதை எழுதியிருக்கிறார். பார்க்கவே பயமூட்டும் தோற்றமுள்ள ஒரு பெட்ரோல் நிலையக்காரர், விடுமுறை நாளென்றும் பாராமல் போன்மேல் போன் செய்து, அந்தப் பாரவண்டிக்கு ஏற்ற டயரைத் தேடிக் கொடுத்தாராம். அந்த நூலில் கற்பனை கலந்திருக்கிறது என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். இந்தச் சம்பவத்தை நம்புவதில் எங்களுக்குச் சிரமமில்லை. ஸ்டைன்பெக் தேவைக்கு மிஞ்சிப் புத்தகங்களையும் சாமான்களையும் ஏற்றியிருந்தார். நம்மவர்கள் அரிசி மூட்டையை ஏற்றுகிறார்கள். தண்ணீர் டேங்க்கை நிரப்பினாலே 150 கிலோ கூடிவிடும். எவ்வளவு ஏற்றலாம் என்று கதவருகே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்; ஆட்களின் எடையும் அதில் சேரும்.

வாடகை வண்டியானால் கையெழுத்திடுமுன் மூன்று நான்கு காரியங்களை எழுத்தில் கேட்டு வாங்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அனுமதி கேளாமல் எவ்வளவு தொகைவரை பழுதுபார்க்கலாம்? டயர் சேதம் யார் பொறுப்பு? சாலை உதவி என்பது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் மட்டும்தானா, ஹீட்டர், ஃபிரிட்ஜ் முதலிய வீட்டுப் பகுதிக்கும் உண்டா? பெரும்பாலும் வீட்டுப் பகுதி அதில் சேராது; இரவில்தான் அது தெரியவரும். ரசீதுகளை ஒரு உறையில் சேர்த்து வையுங்கள். வண்டியின் உயரத்தையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் முன் ஒட்டிவிடுங்கள். கார் ஓட்டிப் பழகியவர் பெட்ரோல் நிலையத்தின் தாழ்வான கூரையை மறந்துவிடுவார். ஒரேகனில் 1951 முதல் நம் ஊரைப்போலவே ஆட்கள்தான் பெட்ரோல் போட்டு வந்தார்கள். நாங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்பு, 2023 ஆகஸ்டில்தான், விரும்பினால் தாமே போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் மாறிற்று.

களைத்துப்போனால் ஒரேகனின் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 12 மணி நேரம்வரை நிறுத்தித் தூங்க அனுமதி உண்டு. நாற்காலி, அடுப்பு என்று வெளியே பரப்பக் கூடாது. தெற்கே கலிஃபோர்னியாவுக்குள்ளும் போக நினைப்பவர்கள் முதலாம் எண் கடலோரச் சாலை திறந்திருக்கிறதா என்று புறப்படுமுன் விசாரியுங்கள். 2017 மே மாதத்தில் பிக் சர் பகுதியில் சரிந்த மலை, 2018 ஜூலை வரை சாலையை அடைத்து வைத்திருந்தது.

நாங்கள் எல்லைக்குச் சற்று முன்னுள்ள ப்ரூக்கிங்ஸ் வரை போய்த் திரும்பினோம். அங்கே வண்டி கழுவும் இடத்தில் மகன் மேல்பக்கத்தை விட்டுவிட்டு, அடிப்பக்கத்துக்கே நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தான். சேஸிஸ், பிரேக் குழாய்கள், படியின் மோட்டார், பேட்டரிப் பெட்டியின் அடி என்று ஒவ்வொன்றாய்க் காட்டி, நியூபோர்ட்டில் வந்த அந்தப் பெரியவர் சொன்ன வரிசை அது என்றான்.